மயக்க மருந்து செவிலியர் படிப்பு: படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். அமெரிக்காவில் டெக்சாஸில் ஐசியூ செவிலியராக இருக்கிறேன். மயக்க மருந்து செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரியில் வகுப்பு. இப்போது விடுப்பில் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

நம் ஊரில் மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர்தான். அங்கே ஐசியூவில் குறைந்தது ஓராண்டு வேலை பார்த்த செவிலியர்களும் இதைப் படிக்கலாம். 2022 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு இது முனைவர் பட்டப் படிப்பு, மூன்று ஆண்டு. கூடவே வேலைக்குப் போவது ரொம்பக் கடினம் என்கிறார்கள். அதனால் செலவுக்குச் சேமித்து வைத்திருக்கிறோம், மீதி கல்விக் கடன்.

என் கவலையெல்லாம் நான்கு வயது மகளைப் பற்றித்தான். முதல் வருடம் பாடமே மலை போல இருக்கும். அப்புறம் ஆபரேஷன் தியேட்டர் பயிற்சி என்றால் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். கணவருக்கும் ஷிப்ட் வேலை. அம்மா வந்தாலும் விசிட்டர் விசாவில் பொதுவாக ஆறு மாதம்தான் தங்க முடியும். பிள்ளையை இங்கே விட்டுப் போகச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

சிறு குழந்தையோடு படித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? படித்தவரின் கணவரோ மனைவியோ இருந்தாலும் சொல்லுங்கள். இன்னொன்று, வகுப்புக்கு முன்பே மருந்தியலையும் உடலியங்கியலையும் புரட்டுவது உதவுமா, இல்லை இந்த நாட்களை மகளோடு கழிப்பதே நல்லதா?