கதிர்வீச்சுக்குப் பின் எம்.ஆர்.ஐ.யில் மீண்டும் ஒளிரும் பகுதி: கட்டியா, நெக்ரோசிஸா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவியதால் என் சித்திக்குச் சென்ற ஆண்டு ஒரே அமர்வில் எஸ்.ஆர்.எஸ். (கட்டியை மட்டும் குறிவைத்துச் செலுத்தும்) கதிர்வீச்சு அளித்தார்கள். முதலில் கட்டி சுருங்கியது. பத்து மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அதே இடம் மீண்டும் பெரிதாகி, சுற்றிலும் வீக்கத்துடன் தெரிகிறது. மறுவளர்ச்சியாகவோ கதிர்வீச்சு நெக்ரோசிஸாகவோ (கதிர்வீச்சால் திசு மடிவது) இருக்கலாம் என்று அறிக்கையை முடித்துவிட்டார்கள். இவ்விரண்டையும் எம்.ஆர்.ஐ. பிரித்துக் காட்டாதது ஏன்? அடுத்து எடுக்கச் சொல்லும் படங்களில் என்ன தெரியும்?

கதிரியல் மருத்துவன்:
படத்தில் வெள்ளையாக ஒளிர்வது கட்டியே என்று கொள்ளக் கூடாது. ஊசி வழியே செலுத்தும் காடோலினியம் மருந்து, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே கசிந்து தேங்குகிறது. அந்தக் கசிவுதான் ஒளிர்வாகப் பதிவாகிறது. கட்டி உருவாக்கிக்கொண்ட புதிய நாளங்களும் கசியும், கதிர்வீச்சால் சேதமுற்ற பழைய நாளங்களும் கசியும் என்பதால், வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. அவ்விடத்தின் இரத்த அளவை மதிப்பிடுகிறது. உயிருள்ள கட்டியில் நாளங்கள் பெருகியிருப்பதால் அந்த அளவு எதிர்ப்பக்க மூளையைவிடக் கூடியிருக்கும். நெக்ரோசிஸில் பெரும்பாலும் குறைந்திருக்கும். ஸ்பெக்ட்ராஸ்கோபி வேதிப்பொருள்களைக் காட்டும்: செல் பெருக்கத்தைக் காட்டும் கோலின் உயர்ந்திருந்தால் கட்டியென்றும், கோலின் தாழ்ந்து கொழுப்பும் லாக்டேட்டும் மேலெழுந்திருந்தால் நெக்ரோசிஸ் என்றும் ஐயுறுவோம். மண்டையோட்டை ஒட்டிய சிறிய புண்களில் அதை நான் அதிகம் நம்புவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் கலந்திருப்பதும் அரிதன்று.

மருத்துவ இயற்பியலர்:
எஸ்.ஆர்.எஸ்.க்குப் பிந்தைய நெக்ரோசிஸ் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. பத்தாம் மாதம் அதற்குள் அடங்குகிறது. ஆனால் மறுவளர்ச்சியும் இதே காலத்தில் வரக்கூடியதே என்பதால் காலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது.

பலரும் கேட்க மறந்துவிடுவது சிகிச்சைத் திட்டத்தின் கதிர் அளவு வரைபடத்தைத்தான். அதைப் புதிய எம்.ஆர்.ஐ.யின் மேல் பொருத்திப் பார்த்தால், ஒளிரும் பகுதி முழு அளவு பாய்ந்த இடத்துக்குள் அடங்குகிறதா, அதற்கு வெளியே புதிதாக முளைத்திருக்கிறதா என்பது தெரியும்; வெளியே என்றால் நெக்ரோசிஸ் என்று சொல்வது கடினம். ஒரே அமர்வுச் சிகிச்சையில் 12 கிரேக்கு (கிரே கதிர் அளவின் அலகு) மேல் பெற்ற மூளையின் கன அளவு 5 முதல் 10 கன சென்டிமீட்டரைத் தாண்டும்போது பாதிப்பு வேகமாகக் கூடுகிறது என்று இயல்பான திசுக்கள் தாங்கும் கதிர் அளவு குறித்து 2010இல் வெளியான குவான்டெக் என்ற ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. சித்தியின் திட்டத்தில் அந்த எண் எவ்வளவு என்று கேளுங்கள். எந்தத் திட்ட மென்பொருளிலிருந்தும் அதை எடுத்துத் தர முடியும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. பெட் ஸ்கேன் எடுத்தால் ஐயம் முழுதும் தீர்ந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

கதிரியல் மருத்துவன்:
எந்த பெட் என்பதைப் பொறுத்தது. வழக்கமான பெட்டில் செலுத்தும் கதிரியக்க மருந்தான எஃப்.டி.ஜி. குளுக்கோஸைப் போன்றது, மூளையின் சாம்பல் பகுதி இயல்பாகவே அதைப் பெருமளவு உறிஞ்சுவதால், சிறு கட்டி அந்தப் பின்னணியில் மறைந்துபோகலாம். மெத்தியோனின், எஃப்.இ.டி. போன்ற அமினோ அமில மருந்துகளை நலமான மூளை குறைவாகவே ஏற்பதால் கட்டி தெளிவாகத் தெரியும். மெத்தியோனினில் உள்ள கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடமே; அதனால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி உள்ள இடத்தில்தான் அது கிடைக்கும். எஃப்.இ.டி.யில் உள்ள ஃபுளோரின்-18க்கு ஏறத்தாழ 110 நிமிடம் உண்டு.

இதன் பிறகும் ஐயம் நீடித்தால், அறிகுறிகள் கடுமையாக இல்லாதபோது ஸ்டீராய்டு கொடுத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம். நெக்ரோசிஸ் என்று உறுதியானால் பெவாசிஸுமாப் மருந்தும் உண்டு. 2011இல் 14 பேரிடம் மட்டுமே நடந்த சிறு ஆய்வில் அம்மருந்து பெற்ற அனைவருக்கும் வீக்கம் குறைந்தது. அது நாளக் கசிவை அடைத்து ஒளிர்வையும் மங்கச் செய்வதால், கட்டி இருக்கும் இடத்திலும் படம் நன்றாகத் தோன்றிவிடும். ஆகவே பெர்ஃப்யூஷன் படத்தை அம்மருந்து தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.