டேட்டா சஃபிஷியன்சி: விடை தெரிந்தும் தப்பாகப் போட்ட கதைகள்

பேனாக்காரன்

எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், எழுதி முடித்தவர்கள் எல்லாரும் டேட்டா சஃபிஷியன்சி கேள்விகளில் சறுக்கிய இடத்தைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

கணக்கில் நான் மோசமில்லை. பொறியியல் படித்தவன்; சமன்பாட்டைக் கண்டாலே கை தானாகத் தீர்க்கப் போய்விடும். என்னைக் கவிழ்த்ததும் அந்தக் கைதான். இந்த வகைக் கேள்வியில் விடையை யாரும் கேட்பதில்லை. கொடுத்த இரண்டு கூற்றுகளை வைத்து விடை காண முடியுமா, எந்தக் கூற்று போதும் என்பதுதான் கேள்வி. நானோ இரண்டரை நிமிடம் மல்லுக்கட்டி 37.5 என்று கண்டுபிடித்துவிட்டு, அந்த எண் எங்கே இருக்கிறது என்று ஐந்து விடைகளிலும் தேடியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

பயிற்சித் தேர்வில் மாட்டிய ஒரு கணக்கு, எண்களை மட்டும் மாற்றித் தருகிறேன். ஒருவர் 7 ரூபாய் பேனாவும் 11 ரூபாய் பேனாவும் வாங்கினார். 11 ரூபாய் பேனா எத்தனை? முதல் கூற்று: மொத்தம் 80 ரூபாய் ஆனது. இரண்டாவது கூற்று: மொத்தம் 8 பேனா.

இரண்டு மாறிகள், இரண்டு சமன்பாடுகள், அப்படியானால் இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும் என்று முடிவுகட்டி, மேலே யோசிக்காமல் சி போட்டேன். தப்பு. பேனாவைப் பாதியாக உடைத்து யாரும் விற்பதில்லையே! 80-லிருந்து 11, 22, 33 என்று கழித்துக்கொண்டே போங்கள்: 69, 58, 47, 36, 25, 14, 3. இதில் 7-ஆல் வகுபடுவது 14 மட்டும்தான். ஆக 11 ரூபாய் பேனா ஆறு, 7 ரூபாய் பேனா இரண்டு. முதல் கூற்றே போதும், விடை ஏ.

இதற்காக முழு எண் வந்தாலே ஏ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே கணக்கில் 80-க்குப் பதில் 200 ரூபாய் என்றால் 1, 8, 15 என மூன்று விடை வரும். அப்போது பேனா எண்ணிக்கையும் வேண்டும். எழுதிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

சேலத்து ராக்கோழி

நான் வங்கித் தேர்வு வழியாக ஜிமேட்டுக்கு வந்தவன். வங்கி அதிகாரி பதவிக்கான பிஓ தேர்வின் ரீசனிங் பகுதியில் இதே வகைக் கேள்வி உண்டு. ஆனால் அங்கே நான் பழகிய தாள்களில் மூன்றாவது விடை ‘ஏதாவது ஒன்று போதும்’, ஐந்தாவது விடை ‘இரண்டும் சேர்ந்தால் போதும்’. ஜிமேட்டில் ஏ என்றால் முதல் கூற்று மட்டும் போதும், பி என்றால் இரண்டாவது மட்டும் போதும், சி என்றால் இரண்டும் சேர்ந்து, டி என்றால் தனித்தனியாகவே போதும், இ என்றால் சேர்ந்தாலும் போதாது. முதல் மாக் டெஸ்டில் மூன்று கேள்வி இப்படிப் போனது. கணக்கு சரி, கட்டம் தப்பு. வயிறு எரிந்தது.

ஜிமேட்டில் இந்த வரிசை மாறவே மாறாது. அதனால் மனப்பாடம் செய்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் தாளில் ‘ஏ டி / பி சி இ’ என்று எழுதிக்கொள்வேன். முதல் கூற்று போதும் என்றால் ஏ, டி மட்டும் மிச்சம். போதாது என்றால் அவை இரண்டையும் அடித்துவிடலாம்.

இரண்டாம் முயற்சி

என் தொல்லை வேறு. ‘n ஒற்றைப்படை எண்ணா?’ என்று கேள்வி. ‘n என்பது 4-ஆல் வகுபடும் முழு எண்’ என்று கூற்று. இல்லை என்று அடித்துச் சொல்லிவிடலாம், அதனால் கூற்று போதும். நானோ ‘இல்லை’ என்று வந்தாலே ‘போதாது’ என்று குறித்துக்கொண்டிருந்தேன், ஒரு மாதம் முழுக்க!

‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டும் வந்தால்தான் ‘போதாது’. x² > x ஆகுமா என்ற கேள்விக்கு x > 0 என்று மட்டும் கொடுத்தால், 2 போட்டால் ஆமாம், ½ போட்டால் இல்லை. அதனால் 0, 1, பின்னம், மைனஸ் எண் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்காமல் நகர மாட்டேன்.

அப்புறம், இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது முதல் கூற்று மண்டையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தேர்வு மையத்தில் உள்ளங்கையால் திரையை மறைத்துப் படித்தேன். கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதுசு

இதற்குக் கால்குலேட்டர் உண்டா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பேனாக்காரன்

உண்டு. 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில் இந்தக் கேள்விகளை டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். 45 நிமிடம், 20 கேள்விகள், திரையிலேயே கால்குலேட்டர். கணிதப் பகுதியில் கிடையாது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் அதில் கணிதப் பகுதிக்குள் தேட வேண்டும். என்னைக் கேட்டால், கால்குலேட்டருக்குக் கை போகிறது என்றாலே நான் தேவையில்லாமல் தீர்க்கத் தொடங்கிவிட்டேன் என்று அர்த்தம்.

இரண்டாம் முயற்சி

ஒன்று விட்டுப்போச்சு. இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படவே முடியாது. ஒரு வேலை-நேரக் கணக்கில் முதல் கூற்றுக்கு 12 நாள், இரண்டாவதுக்கு 15 நாள் வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, பிழை என்னுடையதுதான். திரும்பப் படித்தால், முடிந்த பங்கை மீதிப் பங்கு என்று எடுத்திருக்கிறேன். சரிசெய்ததும் இரண்டிலும் 12. டி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.