சோலார் போட்டு இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, கரண்ட் பில் 450 ரேண்ட்தான் குறைகிறது. எங்கே தப்பு?

சாட்ஸ்வர்த் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிறோம். 2023 ஆகஸ்டில், லோட்ஷெடிங் என்று முறைவைத்துக் கரண்டை நிறுத்தி வீடே இருண்டு கிடந்த சமயத்தில், கையிலிருந்த சேமிப்பை எல்லாம் போட்டு சோலார் வைத்தோம். 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 5.12 யூனிட் லித்தியம் பேட்டரி ஒன்று, 455 வாட் பேனல் எட்டு. மொத்தம் 1,28,000 ரேண்ட். அப்போதிருந்த வரிச்சலுகையில் 15,000 திரும்பக் கிடைக்கும் என்று நினைத்திருந்தோம், ஆனால் அது பேனல் விலையில் மட்டும் 25 சதவீதம், இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கிடையாது என்பதால் 5,600தான் வந்தது. அது போகட்டும்.

லோட்ஷெடிங் இருந்தவரை இந்த சிஸ்டத்தைக் கும்பிட்டோம். 2024 மார்ச் 26க்குப் பிறகு ஏறக்குறைய பத்து மாதம் லோட்ஷெடிங்கே இல்லை, திரும்ப வந்தும் முன்னைப்போல் இல்லை. அதனால் இப்போது பில்லைத்தான் பார்க்கிறேன். சோலாருக்கு முன்னால் நாள் ஒன்றுக்கு 27 யூனிட் வாங்கினோம், இப்போது 22. யூனிட் 3 ரேண்ட் 10 சென்ட், எந்த நேரம் எடுத்தாலும் ஒரே விலை. ஆக மாதம் 450, 460 ரேண்ட் மிச்சம். இப்படியே போனால் போட்ட பணம் திரும்ப 22 வருஷம் ஆகும், அதற்குள் பேட்டரியே போய்விடும்.

போட்டுக்கொடுத்தவரைக் கேட்டேன். இன்னொரு பேட்டரி வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும் என்கிறார். 30,000 ரேண்டுக்கு மேல் ஆகும். வாங்கலாமா? சென்னையில் இருக்கும் சித்தப்பா வேறு, பேனல் தெற்கு பார்த்துத்தான் இருக்கவேண்டும், உங்கள் வீட்டில் வடக்கே வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தூக்கமே இல்லை.

இன்னொன்று, இது எனக்குப் புரியவே இல்லை. லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி, நல்ல வெயில், பேனல் 380 வாட் என்று காட்டுகிறது. மாமியார் டீ போட கெட்டிலை ஆன் செய்தார்கள், உடனே 2,300க்குத் தாவியது. கெட்டில் அணைந்ததும் மறுபடி 380.

டொங்காட் எலக்ட்ரீஷியன்

தங்கச்சி, பேட்டரி வாங்காதே. கொஞ்சம் பொறு.

முதலில் சித்தப்பா சொன்னது. சென்னைக்கு அது சரி, அங்கே சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்து போகும். டர்பன் நிலநடுக்கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது, நமக்கு சூரியன் வடக்கே. வடக்கு பார்த்து வைத்ததுதான் சரி. நிம்மதியாகத் தூங்கு.

கெட்டில் கதையிலேயே பதில் இருக்கிறது. பேனல் நன்றாக இருக்கிறது, கேட்டால் 2,300 கொடுக்கிறது. யாரும் கேட்காததால் சும்மா கிடக்கிறது. மூன்று விஷயம் பார்த்துச் சொல். காலை ஆறு மணிக்கு பேட்டரி எத்தனை சதவீதம்? இன்வெர்ட்டரில் கிரிட் சார்ஜ், அதாவது வெளிக் கரண்டிலிருந்து பேட்டரியை நிரப்புவது, ஆன் ஆகியிருக்கிறதா? கீசர் ஓடும்போது ஆப்பில் வீட்டு லோட் ஏறுகிறதா?

சாட்ஸ்வர்த் டீச்சர்

நன்றி அண்ணா. காலை ஆறு மணிக்கு 100. கிரிட் சார்ஜ் ஆன், நடுராத்திரியிலிருந்து ஐந்து மணிவரை. பேட்டரி 80க்குக் கீழே இறங்கக்கூடாது என்றும் போட்டிருக்கிறது. கீசர் ஓடும்போது லோட் ஏறவே இல்லை, 300, 400லேயே நிற்கிறது. அப்படியானால் கீசருக்கு சோலார் போகவே இல்லையா?

டொங்காட் எலக்ட்ரீஷியன்

போகவே இல்லை. உன் சிஸ்டம் இன்னும் 2023லேயே இருக்கிறது. அப்போது அந்த செட்டிங் சரிதான், எந்த நேரமும் இரண்டு மணி, நாலு மணி நேரம் கரண்ட் போகும், பேட்டரியை நிரப்பியே வைத்திருக்கவேண்டும். இப்போது என்ன நடக்கிறது என்றால், ராத்திரி மாநகராட்சியிடம் காசு கொடுத்துக் கரண்ட் வாங்கி பேட்டரியை நிரப்புகிறாய், விடிந்து வெயில் வரும்போது பேட்டரியில் இடமில்லை, ஃப்ரிட்ஜும் வைஃபையும் குடிப்பது போக மீதி வெயில் வீணாகிறது. அதோடு நீ பத்து யூனிட் வாங்கி உள்ளே போட்டால் ஒன்பதுக்குக் கொஞ்சம் கூடக்குறையத்தான் வெளியே வரும். பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே விலை என்கிறபோது அது சுத்த நஷ்டம்.

செய்யவேண்டியது, முதலில் கிரிட் சார்ஜை அணை. 80 என்பதை 30 ஆக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடு பேட்டரியில் ஓடட்டும், காலையில் அது வெறுமையாக வெயிலுக்குக் காத்திருக்கட்டும். இதை நீயே ஆப்பில் செய்யலாம்.

அடுத்தது டிபி போர்டு, வீட்டுக்குக் கரண்ட் பிரியும் பெட்டி, இதற்கு ஆள் வேண்டும், நீ தொடாதே. கீசரும் அடுப்பும் பேக்கப் பக்கம் (கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் ஓட்டும் பக்கம்) இல்லாமல் மெயின் பக்கம் இருக்கும், அது அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் மெயின் ஒயரைச் சுற்றி சிடி என்று ஒரு சின்ன கிளாம்ப் மாட்டினால், மெயின் பக்கம் எவ்வளவு ஓடுகிறது என்று இன்வெர்ட்டருக்குத் தெரியும், அந்த அளவுக்கு அது கொடுக்கும். பல வீடுகளில் கிளாம்ப் மாட்டியிருப்பார்கள், ஆனால் செட்டிங் பேக்கப் லோடுக்கு மட்டும் என்று இருக்கும். இன்னும் சில வீடுகளில் கிளாம்பில் உள்ள அம்புக்குறி திரும்பியிருக்கும், அப்போது கணக்கெல்லாம் தலைகீழாகக் காட்டும். பிரீபெய்ட் மீட்டர் என்றால் கிரிட்டிலிருந்து எப்போதும் ஒரு 50 வாட் வருகிற மாதிரி வைக்கச் சொல், கரண்ட் பின்னால் போனால் சில மீட்டர் டிரிப் ஆகிவிடும்.

கடைசியாக கீசர், உன் பணம் போகும் இடம் அதுதான். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 7 யூனிட் வேண்டும். ஒரு பேட்டரி நிறையப் பிடித்தாலும் அவ்வளவு இல்லை! டைமர் போட்டு காலை பத்திலிருந்து இரண்டுவரை ஓட விடு. வெயிலை ராத்திரிக்கு எடுத்துவைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. உள்ளே 3 கிலோவாட் எலிமென்ட் இருந்தால் 2 கிலோவாட்டுக்கு மாற்று, சில நூறு ரேண்ட் சாமான். மெதுவாகச் சுடும், ஆனால் முழுக்க உன் பேனலிலேயே சுடும்.

லெனேசியா ரமணன்

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஒன்றை மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். கீசர் தெர்மோஸ்டாட்டை 60லேயே வையுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 45, 50க்கு இறக்கினால் தண்ணீரில் கிருமி வளரும், வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். இறக்குவதற்குப் பதில் கீசருக்கு ஒரு போர்வை சுற்றுங்கள். எங்கள் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஜூன், ஜூலை ராத்திரியில் உறைபனி, குழாய்க்கும் சுற்றவேண்டியிருக்கிறது.

இரண்டாவது பேட்டரி பற்றி நானும் கணக்கு போட்டுப் பார்த்தவன். 5.12 யூனிட் பேட்டரியில் 80 சதவீதம் பயன்படுத்தினால் 4.1, இழப்பு போக வீட்டுக்கு வருவது 3.7 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விலையில் நாளுக்கு 11 ரேண்ட் 50 சென்ட், வருஷம் 4,200. ஒரு நாள் விடாமல் நிறைந்து காலியானால்தான் இது. 30,000 போட்டால் ஏழு வருஷத்துக்கு மேல், வாரன்ட்டி பெரும்பாலும் பத்து. முதல் பேட்டரியே உங்களிடம் வேலை செய்யவில்லை, இரண்டாவது என்ன செய்யும்?

இன்னொரு செலவு யாருமே சொல்வதில்லை. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 60 வாட் மாதிரி குடிக்கும். 24 மணி நேரத்துக்கு 1.4 யூனிட். அதைக் கழித்துத்தான் லாபம் பார்க்கவேண்டும்.

ஆனால் அக்கா, இதை வெறும் ரேண்டில் மட்டும் பார்க்காதீர்கள். 2023ல் எங்கள் வீட்டில் ஃப்ரீசர் இறைச்சியை மூன்று தடவை கொட்டினோம். அப்பாவுக்கு ராத்திரி மூச்சுக்கு மெஷின் வேண்டும். பேட்டரி வந்த பிறகுதான் அம்மா முழுசாகத் தூங்கினார்.

சாட்ஸ்வர்த் டீச்சர்

நாலு வாரம் கழித்து எழுதுகிறேன். கிரிட் சார்ஜை அன்றைக்கே அணைத்தேன், 30 என்று போட்டேன். மறுநாள் காலையிலேயே எட்டு மணிக்கு பேனல் 1,400 காட்டியதைப் பார்த்து மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிபி போர்டுக்கு வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்தேன். அண்ணா சொன்னபடியே கிளாம்ப் இருந்தது, செட்டிங்தான் பேக்கப்புக்கு மட்டும் என்று இருந்தது. 2 கிலோவாட் எலிமென்ட், டைமர், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரேண்ட். வேலை முடிந்ததும் புதிய சிஓசி பத்திரமும், அதாவது ஒயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழும், வாங்கிக்கொண்டேன், இன்ஷூரன்ஸ்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

முன்பு பேனலிலிருந்து நாளுக்கு 6, 7 யூனிட் வந்தது, இப்போது 13, 14. வாங்குவது 22லிருந்து 15க்கு வந்துவிட்டது. துணி துவைப்பதும் பருப்பு வேகவைப்பதும் மதியத்துக்கு மாறிவிட்டது, அது மாமியார் தானாகவே செய்தது. மாதம் 1,100 ரேண்ட் மிச்சம் என்று வைத்தால் வருஷம் 13,000க்கு மேல், ஒன்பது வருஷ சொச்சத்தில் பணம் திரும்பும். நாட்டின் மின்சார நிறுவனமான எஸ்காமின் விலை 2023ல் 18.65, அடுத்த இரண்டு வருஷமும் 12.74 சதவீதம் ஏறியது. இனிமேல் வருஷம் 9 ஏறினால்கூட ஏழு வருஷத்தில் வந்துவிடும் என்று வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பேட்டரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் மனசார நன்றி. ஒரே ஒரு சந்தேகம் அண்ணா, மழைக்காலத்தில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால், அந்த நேரம் பார்த்து கரண்டும் போனால், 30 போதுமா?

டொங்காட் எலக்ட்ரீஷியன்

நல்ல வேலை செய்தாய் தங்கச்சி. நவம்பரிலிருந்து மார்ச்வரை நம் பக்கம் இடியும் மழையும், லோட்ஷெடிங் இல்லாவிட்டாலும் கேபிள் போகும், சப்ஸ்டேஷன் போகும். அந்த ஐந்து மாதம் 50 வை. ராத்திரிக்கு ஒரு யூனிட் கூடுதலாக வாங்குவாய், மூன்று ரேண்ட். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் அன்றைக்கு கிரிட் சார்ஜை ஆன் செய்து நிரப்பிக்கொள், மறுநாள் மறக்காமல் அணை. ஏப்ரலில் வானம் தெளிந்ததும் திரும்ப 30.