கூனிப் பெத்தாவின் வயது: கல்வெட்டு அச்சுக்குப் போகமுதல்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பெத்தாவின் மரண அறிவித்தலை உடனே குழுவில் போட்ட தம்பிக்கு நன்றி. ஆனால் பிறந்த ஆண்டு 1934 என்று இருக்கிறது. அடையாள அட்டையைப் பார்த்துத்தான் போட்டிருப்பீர்கள், பிழை உங்களில் இல்லை. அட்டை வந்த காலத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாத ஆட்களுக்கு ஒரு குத்துமதிப்பு வயதுதான் விழுந்தது. 31ஆம் நாள் குடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டிலும் அதே பிழை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதை வாசிப்பதால் ஒன்று சொல்லவேண்டும். கூனிப் பெத்தா என்றால் முதுகு கூனின கிழவி இல்லை. கடைசி வரைக்கும் அவவின் முதுகு தென்னைமரம் மாதிரி. கரையில் கூனி என்ற சின்னஞ்சிறு இறாலை வாரி, பாயில் காயப்போட்டு, ஓலைப்பெட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றதால் வந்த பெயர் அது. தோணியில் வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், கூனியைக் குடுத்து நெல் வாங்கி வருவா. சுண்டால் அளக்கும்போது மேலே கூம்பாகக் குவிச்சுத்தான் போடுவா. தலைதட்டி அளக்கிற ஆட்களை அவவுக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

பெத்தா ஒரு நாளும் ஆண்டு சொல்லிக் கதைத்ததில்லை. "வெள்ளத்துக்கு முதல்", "சூறாவளிக்குப் பிறகு" என்பதுதான் அவவின் பஞ்சாங்கம். வெள்ளம் என்றால் 1957. அப்போது மூன்றாவது பிள்ளை கையில். சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23 இரவு. கூரை போனபிறகு பிள்ளைகளை நெல்லுப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருத்தி, மேலே தான் கவிழ்ந்து கிடந்தாவாம். விடிய எழும்பிப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தன என்பா.

எனக்கு ஆதாரம் இதெல்லாம் இல்லை. கப்பல் கதைதான். நம்மில் பாதிப்பேர் அதைக் கேட்டிருப்போம், ஆனால் கணக்குப் பார்த்திருக்க மாட்டோம்.

1942 ஏப்ரல் 9. யப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் வைத்து ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைக் குண்டு போட்டுத் தாட்ட நாள். 300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தப்பின ஆட்களில் கனபேரை அந்தப் பக்கமாக வந்த ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக்கொண்டுபோனது. ஹேர்மிஸ் இன்றைக்கும் நம்முடைய கடலின் அடியில்தான் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

பெத்தா பார்க்கவில்லை. அதுதான் விஷயம்.

"ஊரெல்லாம் கரைக்கு ஓடிப் போச்சுது மனே. நான் பெரியபிள்ளையாகி மூணாம் நாள், மூலையில இருத்தி வச்சிருக்காங்க. சத்தம் மட்டும் கேக்குது, நிலம் அதிருது. ஒருக்கா எட்டிப் பாக்கன் எண்டதுக்கு எங்கட அம்மா அகப்பையால போட்டா ஒண்டு." சொல்லும்போது இடது தோளைத் தடவிக்கொள்வா. ஏதோ அன்றைக்குக் காலையில் வாங்கின அடி மாதிரி.

1934 என்றால் அந்த நேரம் எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளையை யார் மூலையில் இருத்தினது? பதின்மூன்று என்று வைத்தாலும் 1929 வருகிறது. அறிவித்தலில் ஐந்து வயதைக் களவு கொடுத்திருக்கிறோம்.

சுனாமியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நாவலடி ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, ஓட இடமில்லாத நிலம். இந்தக் குழுவில் ஆள் போகாத வீடு எது? பெத்தா வீட்டில் போனது யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு திராய்மடுவில் வீடு கிடைத்தது. கல்வீடு, தண்ணிக் குழாய் எல்லாம் இருந்தும் இரவில் நித்திரை இல்லை என்பா. "கடல் இரையிற சத்தம் இல்லாம காது அடைச்சாப் போல கிடக்கு."

2015இல் நான் போனபோது கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனேன். புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் 1924ஆம் ஆண்டுப் பழைய பாலம். பாடும் மீனைப் பற்றி என் மகள் கேட்டாள். பெத்தா சிரிச்சா. "பாடுற மீன் எண்டா எங்கட வலைக்குள்ள ஒருநாளாவது பாடியிருக்காதா கிளி?" எங்கள் ஊர்ப் பெருமையை இப்படி ஒரே வரியில் கவிழ்த்த ஆள் வேறு இல்லை.

நேற்று அவவின் மூத்த மகளுக்குக் கோல் எடுத்து, 1929 என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். "அம்மா தன்ட வயச ஒருநாளும் ஒரே மாதிரிச் சொன்னதில்ல தம்பி" என்றா அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அந்த அகப்பை அடிய மட்டும் மாத்திச் சொன்னதில்ல. மாத்துங்க" என்றா.