புதுப்பிப்பு: அம்மாவின் சென்சாரும் விரல் குத்திப் பார்த்த அளவும்

போன வாரம் கேட்டிருந்தேன், அம்மா கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் 6.4 (mmol/L) காட்டுகிறது, அதே நேரம் விரலைக் குத்தினால் 8.1, எதை நம்புவது என்று. இரண்டுமே சரிதான். விரலில் வருவது ரத்தம், சென்சாரின் மெல்லிய இழை தொடுவதோ தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை. ரத்தத்தின் சர்க்கரை அங்கே போய்ச் சேரச் சில நிமிடம், சில சமயம் கால் மணி நேரம்கூட ஆகும், அதனால் அளவு வேகமாக ஏறும்போது சென்சார் பின்தங்கித்தான் வரும். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்த கையோடு பார்த்தால் வேறென்ன வரும்! பசியாறுவதற்கு முன் பார்த்ததில் பெரிய வித்தியாசமில்லை.

அப்புறம், சர்க்கரை குறைந்துவிட்டது என்று ராத்திரியில் சென்சார் அடிக்கும் அலாரம். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம், கிளினிக் மிஸ்ஸி சொன்னார். அதற்காக அலட்சியமாக விடவும் கூடாது: வியர்வை, நடுக்கம் இருந்து எண் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்தித்தான் பார்க்கணும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் போட்டாலும் சில சென்சார்கள் கூட்டிக் காட்டும், அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இது 14 நாள் சென்சார், அடுத்ததற்கு ஈப்போ போகணும். சுங்கை சிப்புட்டிலேயே கிடைத்தால் சொல்லுங்கள்.