பெயர் சொல்லி வாழ்த்துதல்: மும்பைத் தமிழர்களின் பண்டிகை அனுபவங்கள்

மாட்டுங்காவிலிருந்து:

இதை எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தும் மனம் கூசியதால் தள்ளிப்போட்டு வந்தேன். சென்ற ஆண்டுப் பொங்கலன்று, ஊரிலும் மும்பையிலுமாக எனக்குத் தெரிந்த ஏறத்தாழ 200 பேரை வாட்ஸ்அப்பில் ஒரே பிராட்காஸ்ட் லிஸ்டில் சேர்த்து, யாரோ அனுப்பியிருந்த ஒரு பானைப் படத்தையும், இல்லமெங்கும் மங்கலம் பொங்கட்டும் என்ற வரியையும் காலையில் அனுப்பிவிட்டுக் கரும்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, கும்பகோணத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழனிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்திருந்தது: "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லைடா."

அதற்கு முந்தைய கார்த்திகையில்தான் அவனுடைய அப்பா காலமானார். செய்தி கிடைத்த அன்றே அவனோடு வெகுநேரம் தொலைபேசியில் பேசியவன் நான். துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது என்பது நமக்கெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தியன்று. ஆனால் லிஸ்ட் அதற்கு முந்தைய தீபாவளிக்குத் தயாரித்தது. அதில் அவன் பெயர் அப்படியே இருந்தது.

பிராட்காஸ்ட் லிஸ்ட் இயங்கும் முறையை அதற்குப் பிறகே சரியாகத் தெரிந்துகொண்டேன். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். குழுவில் போடும் செய்தியைப் போல அல்லாமல், பெறுபவருக்கு அது தனிச் செய்தியாகவே தோன்றும். என் தோழனைப் பொறுத்தவரை, அவனுடைய அப்பா இறந்த இரண்டு மாதத்திற்குள் அவன் பெயரை நினைத்து, அவனுக்கென்றே அந்த மங்கல வரியை நான் தட்டி அனுப்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன், அவனும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டான். ஆயினும் அன்று முதல் அந்த லிஸ்டை நான் பயன்படுத்தவில்லை. உங்களுடைய அனுபவங்களையும், நீங்கள் வாழ்த்து அனுப்பும் முறைகளையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாராவியிலிருந்து:

உங்கள் பதிவைப் படித்ததும் என் மனம் கனத்துவிட்டது. நான் படம் தயாரித்த அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பு இங்கு வந்தது. பொங்கலன்று 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் காட்சியை மும்பையில் இருப்பவர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். ஊரில் இருக்கும் என் ஆச்சி அதைப் பார்த்ததே இல்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கடையில் கிடைக்கும் படங்களைப் போன்ற ஒன்றை அனுப்பாமல், எங்கள் அடுப்பையும் எங்கள் பானையையும் படமெடுத்து அதன்மீது வாழ்த்தை எழுதி அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

படத்தில் எழுத்துச் சேர்க்கும் செயலியைத் திறந்து பொங்கல் என்று தட்டினேன். முதல் எழுத்தே சிதைந்து வந்தது. பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டது. எழுத்துருவை நான்கு முறை மாற்றியும் பயனில்லை. கணினித் துறையில் இருக்கும் என் தம்பி காரணத்தை விளக்கினான்: கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் பொ என்பது முதலில் ப, அதன் பிறகு ஓர் உயிர்க்குறி என்று ஒலிக்கும் வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது, அந்தக் குறியைப் பிரித்து எழுத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டியது திரையில் எழுத்தைக் கோக்கும் பகுதியின் வேலை, இந்திய மொழிகளுக்கான அந்த ஏற்பாடு இல்லாத செயலிகளில் கொம்பு வரும் எழுத்துகள் எல்லாமே இப்படித்தான் உடையும். நமது முதன்மையான பண்டிகையின் பெயரிலேயே அந்த எழுத்து அமைந்திருக்கிறது.

கைப்பேசியின் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் தட்டி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத்தின்மேல் ஒட்டலாம் என்று தம்பி சொன்னான். அது நன்றாகவே வந்தது. ஆனால் நான் கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் என் கையாலேயே "ஆச்சி, இந்த வருஷம் பானை கிழக்குப் பக்கம் பொங்கிச்சு, பொங்கல்படி பணம் வந்துட்டு, பனங்கிழங்குதான் கிடைக்கல" என்று எழுதி, தாளைப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். ஆச்சி மறுநாளே மாமாவைக் கூப்பிட்டு அதைப் பெரிதாகப் பிரதி எடுத்து வரச் செய்து, சாமி படங்களுக்குக் கீழே மாட்டியிருக்கிறார். பனங்கிழங்கு ஒரு கட்டு, மும்பைக்கு வந்த ஒரு சொந்தக்காரரின் பையில் பத்தே நாளில் எனக்கு வந்து சேர்ந்தது.

டோம்பிவிலியிலிருந்து:

எனக்கு வயது 74. ஆயத்த வாழ்த்து என்பது வாட்ஸ்அப்போடு வந்ததன்று என்பதை இளையவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட தந்திச் சேவையில், வாழ்த்துத் தந்திக்கென்று முன்பே அச்சிட்ட வாசகங்களின் பட்டியல் இருந்தது. திருமணத்துக்கு ஓர் எண், தீபாவளிக்கு ஓர் எண் என்று எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும். ஆனால் தந்தி கொடுக்க ஒருவர் அலுவலகம் வரை நடந்து, வரிசையில் நின்று, பணம் கட்ட வேண்டியிருந்தது. பெற்றவர் அந்த நடையையும் சேர்த்தே படித்தார் என்பது என் எண்ணம்.

பிறகு எஸ்எம்எஸ் வந்தது. ஆங்கில எழுத்தில் 160 இடம் கொண்ட செய்தி, தமிழில் 70 இடமாகச் சுருங்கிவிடும். புள்ளியும் உயிர்க்குறியும்கூட ஒவ்வோர் இடத்தை எடுத்துக்கொள்வதால், நான்கெழுத்துச் சொல்லான பொங்கலுக்கே 7 இடம் போய்விடும். போதாக்குறைக்குப் பண்டிகை நாட்களில் சலுகைத் திட்டங்கள் செல்லாது, முழுக் கட்டணம் பிடிப்பார்கள். அந்த நெருக்கடியில்தான் நான் சுருக்கமாக, ஆனால் ஆளுக்கேற்ப எழுதப் பழகினேன். இப்போதும் மார்கழி பிறந்ததும் என் பழைய முகவரி நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். அவர்கள் வீட்டில் அந்த ஆண்டு நடந்த ஒன்றையாவது குறிப்பிடாமல் எந்த வாழ்த்தையும் முடிப்பதில்லை. துக்கம் நேர்ந்த வீடுகளுக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பேன். மாட்டுங்கா அன்பருக்கு இது உதவலாம்.

கண்புரை உள்ள என் மூத்த சகோதரிக்கு மட்டும் எழுதுவதில்லை; குரல் பதிவாகவே அனுப்புகிறேன். அதைப் பல நாட்கள் திரும்பத் திரும்பக் கேட்பதாக அவருடைய மருமகள் சொன்னார்.

இன்னொன்று. வாழ்த்துகள் என்று எழுதுவதே பொருத்தம், ககர மெய் மிகத் தேவையில்லை. அச்சிட்ட படங்களில் பாதி இதில் தவறுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

செம்பூரிலிருந்து:

ஒரு சிறு எச்சரிக்கை. உங்கள் பெயரோடு கூடிய வாழ்த்து இங்கே என்று ஓர் இணைப்பு வந்ததை என் பெரியப்பா திறந்தார். அவருடைய பெயரைக் கேட்டது. அதைப் பட்டாசு வெடிக்கும் படத்தின்மேல் காட்டியது. பிறகு பத்துக் குழுக்களுக்கு அனுப்பச் சொன்னது. இறுதியில் ஒரு செயலியை நிறுவும்படி கேட்டபோது நல்ல வேளையாக என்னிடம் கொடுத்தார். உறவினர் எண்ணிலிருந்தே வந்தாலும், ஏபிகே (.apk) என்று முடியும் கோப்பு செயலியை நிறுவுவதற்கானது, வாழ்த்தாக இருக்க முடியாது; வாழ்த்தைப் படிக்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. பெரியப்பா அதைத் திறந்ததற்குக் காரணம் தன் பெயரோடு ஒரு வாழ்த்து என்று அதில் இருந்ததுதான் என்றார். அதன் பிறகு அவருக்கு நானே பெயர் சொல்லி எழுதுகிறேன்.

முலுண்டிலிருந்து:

எங்கள் தளத்தில் எதிர்வீட்டு மராத்திய அம்மையார் தனியாக வசிக்கிறார். நமக்குப் பொங்கலாகும் நாள் அவர்களுக்கு மகர சங்கராந்தி. முந்தைய நாள் போகி அவர்களுக்கும் உண்டு, அன்று எள் தூவிய கம்பு ரொட்டியும் பல காய்கள் சேர்ந்த கறியும் செய்வார்கள். அவருக்கு நம் பானைப் படத்தை அனுப்புவது முறையாகத் தோன்றவில்லை. எங்கள் ஆறு வயது மகளை அவர்கள் வழக்கப்படியே "திள்கூள் க்யா, கோட் கோட் போலா" என்று சொல்லவைத்துக் குரல் பதிவாக அனுப்பினோம். எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொண்டு இனிக்க இனிக்கப் பேசுங்கள் என்று பொருள். மராத்தியிலும் ளகரம் இருப்பதால் குழந்தைக்கு அது தடையின்றி வந்தது. ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் எள்ளுருண்டைத் தட்டோடு அவரே நின்றார். இந்த ஆண்டு அவரிடமிருந்து "பொங்கலோ பொங்கல்" என்று அவர் குரலிலேயே ஒரு பதிவு வந்தது. யாரிடம் கற்றார் என்று பிறகு தெரிந்தது. என் மகள்தான் மூன்று நாட்கள் இரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மீண்டும் மாட்டுங்காவிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. பென்சில் கோட்டை நானும் போடத் தொடங்கிவிட்டேன்.

என் தோழனைப் பற்றிய மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி வந்தபோது அவனுக்கு இன்னும் ஓராண்டு நிறையவில்லை. எதுவும் அனுப்பாமல் இருப்பதே சரி என்று முதலில் எண்ணினேன். ஆனால் பண்டிகையன்று எந்தச் செய்தியும் வராத வீட்டில் அவன் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது மனம் ஒப்பவில்லை. பட்டாசு, விளக்கு, வாழ்த்து என்ற எந்தச் சொல்லும் இல்லாமல் இவ்வளவு மட்டும் எழுதினேன்: "படிக்கிற காலத்தில் ஒரு தீபாவளிக்கு எனக்கு ஊருக்குப் போகப் பணமில்லை. உன் அப்பா எனக்கும் ஒரு வேட்டி எடுத்து, மஞ்சள் தடவிக் கையில் கொடுத்தார். இன்று காலையில் அது நினைவுக்கு வந்தது."

மாலை வரை பதில் இல்லை. இரவு ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டு முற்றத்தில், அவனுடைய அப்பாவுக்கு இருபுறமும் நாங்கள் இருவரும் புது வேட்டியோடு நிற்கிறோம். அப்படி ஒரு படம் எடுத்தது எனக்கு நினைவே இல்லை.