தென்காரா: ரீல் இல்லாத தூண்டிலில் அப்படி என்ன இருக்கிறது?

நகானோவாசி:
ஜப்பானுக்கு வந்து இரண்டு வருடம். ஃப்ளை ஃபிஷிங் (போலிப்பூச்சி கட்டி மீன் பிடிப்பது) பழகியதில் நரம்பு சுற்றும் ரீல், மூன்று வகை லைன், நாலு பெட்டி போலிப்பூச்சி என்று சேர்ந்துவிட்டது. போன ஞாயிறு மலையோடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். நீளமான கோல், ரீலே இல்லை. நான் சிக்கெடுத்து முடிப்பதற்குள் இவானா என்கிற மலையோடை மீன் மூன்றைப் பிடித்துவிட்டார். "தென்காரா" என்றார். எனக்கு நம்மூர் மூங்கில் தூண்டில் மாதிரிதான் தெரிந்தது. ரீல் இல்லாதது குறைதானே? பெரிய மீன் மாட்டினால்?

ஓடைக்கரை:
ஒன்பது வருடமாக எனக்குத் தென்காரா மட்டும்தான். தயங்காமல் வாங்குங்கள்.

நுனியில் நரம்பைக் கட்டுவது வரை நம்மூர்த் தூண்டிலேதான். ஆனால் அதில் தக்கையைப் பார்த்துக் காத்திருப்போம். இதில் வீசி, இரண்டு மூன்று நொடி ஓடவிட்டு, எடுத்து மறுபடி வீசவேண்டும்.

என் கோல் 3.6 மீட்டர். நுனியில் லிலியன் என்கிற சின்னப் பின்னல் கயிறு. அதில் கோல் நீளத்துக்கு ஃப்ளூரோகார்பன் நரம்பு, அதன் முனையில் ஒரு மீட்டர் மெல்லிய நரம்பு, அப்புறம் கெபாரி என்கிற போலிப்பூச்சி. அவ்வளவுதான். பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கும் இடத்தில்தான் மீன் இருக்கும். உங்களுக்கும் அதற்கும் நடுவே வேகமான நீரோட்டம். கனமான ஃப்ளை லைன் அதில் விழுந்ததும் பூச்சியையும் இழுத்துப் போய்விடும். தென்காராவில் கோலை உயர்த்திப் பிடித்தால் நரம்பு தண்ணீரைத் தொடாது, கெபாரி மட்டும் அந்த இடத்தில் நிற்கும். இந்த ஓடைகளுக்கு ரீல் தேவைப்படவே இல்லை.

மீன் பிடித்து வெந்நீரூற்று விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்த மலைவாசிகளின் முறை இது. நாளெல்லாம் பாறை ஏறியவர்கள், தேவையில்லாத எதையும் சுமக்கவில்லை.

தென்காரா ஆசான் இஷிகாகி ஹிசாவோ ஒரே வடிவக் கெபாரியோடு மீன்பிடிப்பவர் என்று கேள்விப்பட்டு, 2019-ல் பருவம் முழுக்க நானும் ஒரே வகையோடு போனேன். சகாசா கெபாரி: கறுப்பு நூல், முன்பக்கம் பார்த்து விரிந்த சேவல் இறகு. கோல் நுனியை லேசாக அசைத்தால் இறகு விரிந்து சுருங்கும், உயிருள்ள பூச்சி போலவே. எதை மாற்றிக் கட்டலாம் என்று பெட்டியைத் துழாவிய நேரமெல்லாம் தண்ணீரைப் பார்க்கும் நேரமானது. இவானா எந்தக் கல்லுக்குப் பின்னால், எந்தப் பக்கம் தலைவைத்து நிற்கும் என்பது அந்த வருடம்தான் எனக்குப் பிடிபட்டது. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இன்னும் போகிறேன்.

25, 30 சென்டிமீட்டர் மீனைக் கோலே வளைந்து தாங்கிக்கொள்ளும். நரம்பைக் கையால் பிடித்து வலைக்குள் கொண்டுவரலாம். பெரிய ஆற்று மீனுக்கு இது சரிப்படாது. முனை நரம்பு மெல்லியதாகவே இருக்கட்டும், முதலில் அது அறுந்தால் கோல் பிழைக்கும்.

மலைத்தேனீ:
கோலை விரிக்கும்போது நுனியில் தொடங்குங்கள், மடக்கும்போது கைப்பிடிப் பக்கத்திலிருந்து. பக்கவாட்டில் அழுத்தாமல் நேராகத் தள்ளவேண்டும், நான் இரண்டு நுனி ஒடித்துக் கற்றது. உள்ளூர் மீனவர் சங்கத்தில் நாள்சீட்டு வாங்கிவிட்டு இறங்குங்கள். கரடி அண்டாமலிருக்க ஒரு மணியும் வேண்டும். நகானோவில் செப்டம்பர் 30-உடன் பருவம் முடிந்துவிடும்.

நகானோவாசி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். 3.6 எடுக்கவா, 4 மீட்டரா? எங்கள் ஓடையில் கிளைகள் தாழ்வாக இருக்கும்.

ஓடைக்கரை:
அப்படியானால் இரண்டும் வேண்டாம் தம்பி, 3.3 எடுங்கள்.